பறிக்கும் கையில் பாதி வேலை

ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள், சாமி கும்பிட்ட கையோடு பாத்திரக் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். பித்தளைக்குப் பேர்போன ஊர் இது. அந்த நெரிசலின் ஓரத்தில் ஓலைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு நாவற்பழமும் களாப்பழமும் அளந்து போடுகிற பெண்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நான் அந்தப் பெட்டிகளை நம்பிப் பிழைக்கிறவள். களாவில் ஜெல்லியும் ஊறுகாயும், இலந்தையில் வடை, நாவலில் சாறு, நெல்லியில் தேனூறல், சூரையில் வத்தல் என்று காட்டுப்பழங்களைப் பதப்படுத்தி விற்பது என் தொழில். ஒரு சின்னக் கொட்டகை, சில அடுப்புகள், பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பெண்கள், இவ்வளவுதான் எங்கள் ஆலை.

இத்தனை காலம் இதில் உழன்ற பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்று. இந்தத் தொழிலில் பாதி வேலை பறிக்கிற கையிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் அடுப்பும் பாட்டிலும் லேபிளும். காசு மட்டும் தலைகீழாகப் போகிறது: அடுப்படிக்குப் பெரும்பங்கு, பறித்தவருக்குக் கிலோக் கணக்கில் சில்லறை. அந்தக் கணக்கை எப்படி நேர்செய்யலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முதலில் பழத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு மண்

ஏரலைச் சுற்றி இரண்டு மண் உண்டு. தாமிரபரணி கொண்டுவந்து போட்ட வண்டல் ஒன்று. அதில் நெல், வாழை, ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். தெற்கே போனால் மண் சிவந்து மணலாகி, குதிரைமொழித் தேரியாக மேடு கட்டி நிற்கும். பனை, உடை, கொல்லா என்கிற முந்திரி மரங்கள், இடையிடையே முட்புதர். மழை எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனி தொடங்கினால் மேல்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கி வந்து தேரி மணலை வாரி இறைக்கும். ஊன்றி நிற்கும் வேர் உள்ள செடிதான் அங்கே தாக்குப்பிடிக்கும். களாவும் சூரையும் இலந்தையும் அப்படிப்பட்டவை.

மார்கழியை ஒட்டிச் சூரை கறுக்கத் தொடங்கும். தை, மாசியில் இலந்தை. சித்திரை வெயிலுக்குக் கொல்லாம்பழம். ஆனி, ஆடியில் நாவலும் களாவும். வெள்ளை முத்துப் போல இருக்கும் சங்கம்பழம், மஞ்சள் காரை, சிவந்த கோவை ஆகியவற்றை ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும் விட்டுவிடுவோம். பதப்படுத்த முடியாது என்றில்லை. எல்லாவற்றையும் பாட்டிலில் அடைத்துத்தான் தீர வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் தோட்டத்துக்கு வேலியே இந்தச் செடிகள்தான். களா, சூரை, கிளுவை கலந்து வைத்த வேலிக்குள் ஆடு நுழையாது, ஆள் நுழையவும் யோசிப்பான். வேலிக்காரனுக்கு வருஷம் ஒரு முறை பழமும் கிடைக்கும். கம்பி வேலி வந்தபோது முள்வேலியை வெட்டிக் கொளுத்தினார்கள். மிச்சமிருந்த புறம்போக்கைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. பறிக்கப் போன பெண்கள் வருஷத்துக்கு வருஷம் அதிக தூரம் நடக்க வேண்டியதாயிற்று. காட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் போதாது, நட்டும் வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

நடவு

காட்டுச் செடியை நட்டு வளர்ப்பது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. தானாக வளர்கிற செடிதானே என்பார்கள். தானாக வளர்கிற செடிக்குத் தன் போக்கு உண்டு. களா விதையையும் நாவல் விதையையும் காயவைத்துச் சேமிக்க முடியாது; ஈரம் போனால் உயிரும் போய்விடும். பழம் பிசைந்த சில நாட்களுக்குள் நாற்றுப்பையில் ஊன்றிவிட வேண்டும். இலந்தை இதற்கு நேர் எதிர். கல் போன்ற ஓட்டுக்குள் பருப்பு பத்திரமாக உறங்கும். ஓட்டோடு புதைத்தால் முளைக்க மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். சிறு கல்லால் பதமாகத் தட்டி ஓட்டை மட்டும் உடைத்துப் பருப்பை எடுத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் தலைநீட்டும். தட்டுகிற தட்டு ஒரு நூல் கூடினால் பருப்பு நசுங்கிவிடும். இந்த வேலைக்குப் பாட்டிமார் கையே சரி. இளவட்டங்களுக்குப் பொறுமை போதாது.

பெரிய பழ இலந்தை வேண்டும் என்பவர்கள் காட்டு இலந்தை நாற்றின் மேல் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டுக்கட்டலாம். வேர் காட்டினுடையது, பழம் தோட்டத்தினுடையது. எங்கள் வடைக்குச் சிறு பழமே தேவை. அதில்தான் புளிப்பும் சதையின் கெட்டித்தனமும் சேர்ந்திருக்கும். எந்த இலந்தையானாலும் சித்திரையில் இலை உதிர்த்து நிற்கும்போது கவாத்துச் செய்ய வேண்டும். புதுக் கிளையில்தான் பூ வரும்; பழைய கிளையைப் பாவம் பார்த்து விட்டுவைத்தால் அடுத்த தையில் உச்சாணியில் நாலு பழம் தொங்கும்.

தேரி மணலில் தண்ணீர் நிற்காது. குழியை ஆழமாக வெட்டி, குளத்து வண்டலும் ஆட்டு எருவும் அடியில் போட்டு, கன்றுக்குப் பக்கத்தில் அடியில் சிறு ஓட்டையுள்ள பானையைப் புதைத்துவிடுவோம். பானையில் ஊற்றுகிற தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும். ஐப்பசி மழையோடு நட்டால் அடுத்த மேல்காற்றுக்குள் செடி ஓரளவு பிடித்துக்கொள்ளும். களா காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அது வெறும் வேலிதான்.

வேலி எதற்கு என்று ஊருக்குப் புரிந்தது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மார்கழி பிறந்த கையோடு ஏரலுக்குள் ஆறு புகுந்தது. பாலம் அறுந்தது, கடைகளில் சரக்கு மூழ்கியது, வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. எங்கள் கொட்டகையும் தப்பவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு நடந்து பார்த்தபோது, கம்பி வேலி நின்ற இடங்களில் கல்தூணே சாய்ந்து கிடந்தது. களாப் புதர் அடர்ந்த வரப்பில் குப்பையும் வாழைத்தாரும் சிக்கிக் கிடந்தாலும் வரப்பு மண் கரையவில்லை. அதற்குப் பிறகு களாக் கன்று கேட்டு வந்தவர்களில் பழத்துக்காக வந்தவர்கள் குறைவு.

ஒரே கொத்தில் மூன்று நிறம்

களாக் கொத்து ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். ஒரு காய் பச்சை, பக்கத்தில் இருப்பது இளஞ்சிவப்பு, அடுத்தது கருநீலம். ஒரே காம்பில் வந்தும் மூன்றும் மூன்று நாளுக்குப் பழுக்கின்றன. தோட்டப் பயிர்களை மனிதன் நூற்றாண்டுகளாகத் தெரிந்தெடுத்து ஒன்றாகப் பழுக்கப் பழக்கிவிட்டான். காட்டுப்பழத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரே நாளில் அத்தனையும் பழுத்தால் ஒரு மந்தைக் குருவி வந்து முடித்துவிடும். நாள்விட்டு நாள் பழுத்தால் பல வாய்க்குக் கிடைக்கும், பல இடத்தில் விதை விழும்.

சந்தைக்கு இந்தப் போக்குப் பிடிக்காது. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே நாளில் வேண்டும் என்கிறது. அதற்கு வளைந்துகொடுத்துக் கிளையை உலுக்கிக் கீழே விழுந்ததை வாரிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். உலுக்கிய பழத்தில் காம்பு இருக்காது. காம்பு பிய்ந்த இடத்தில் பால் கசியும். அந்தப் பால் மற்றப் பழங்களின் மேல் பட்டுப் பிசுபிசுத்து, மண் ஒட்டி, மறுநாளே பூஞ்சணம் பிடிக்கும்.

எங்கள் பெண்கள் வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள். இடது கையால் கிளையை மேலே தூக்கிப் பிடிப்பார்கள். களா முள் இரண்டாகப் பிரிந்து நிற்கும். கீழிருந்து கை போனால்தான் குத்தாது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல் நகத்தை அழுத்தும், பழத்தைத் தொடாது. சூரையில் கதையே வேறு. அதன் முள் கொக்கி. சேலையில் மாட்டினால் முன்னால் இழுக்க இழுக்க இறுகும்; ஒரு எட்டுப் பின்னால் போனால் தானே விட்டுவிடும். இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போன வயதில் வந்தது.

ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகள் சிலர் உதவிக்கு வந்திருந்தார்கள். ஒரு பெண் ஆர்வத்தில் சிவப்பும் கறுப்புமாக ஒரு கொத்தை முழுசாக ஒடிக்கப் போனாள். பக்கத்தில் இருந்த கிழவி சிரித்துக்கொண்டே கையைத் தடுத்தார். "ஏ தாயி, நாளைக்கு உள்ளத இன்னைக்கு ஏன் தொடுத?" என்றார். நாளைக்கு உள்ளது எது, நாளை மறுநாளைக்கு உள்ளது எது, குருவிக்கு உள்ளது எது என்று அவர் கண்ணுக்கு அந்தச் செடியில் கணக்கு எழுதியிருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் பறிப்புத் தொழிலின் மூலதனம் என்கிறேன்.

அடுப்படி

அடுப்புக்கு வந்த பிறகு அந்த மூன்று நிறமே எங்களுக்குக் கைகொடுக்கிறது. ஜெல்லி உறைய மூன்று வேண்டும்: பெக்டின், புளிப்பு, சர்க்கரை. பெக்டின் செங்காயில் அதிகம். பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். நிறமும் மணமும் கறுத்த பழத்தில். செங்காயை அதிகமாகவும் பழத்தைக் குறைவாகவும் கலந்து போட்டால் வெளியிலிருந்து பெக்டின் பொடி வாங்க வேண்டியதில்லை. ஒரே நிறத்தில் வேண்டும் என்று கேட்கிற சந்தை, கேட்டது கிடைத்திருந்தால் இந்த ஜெல்லியைச் சாப்பிட்டிருக்காது.

முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாலைப் போக்குவோம். உப்புக்குப் பஞ்சமில்லை, தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில் இருக்கிறது. பிறகு பழம் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, தோல் வெடித்துச் சதை கரையும்வரை வேகவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். இரவெல்லாம் சொட்டட்டும். அவசரப்பட்டு மூட்டையைப் பிழிந்தால் சாறு கலங்கிவிடும். அந்தக் கலங்கலை எந்த அடுப்பும் தெளியவைக்காது. ஆறிய சாற்றில் ஒரு கரண்டி எடுத்து அதே அளவு ஸ்பிரிட் விட்டு மெல்லச் சுழற்றிப் பார்ப்போம். ஒரே கட்டியாகத் திரண்டால் சாற்றுக்குச் சரி அளவு சர்க்கரை; துண்டு துண்டாகத் திரண்டால் முக்கால் அளவு. சோதித்ததைக் கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது. சர்க்கரை போட்டபின் தீயைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்க வேண்டும். வெப்பமானி 105 டிகிரியை நெருங்கும்போது துடுப்பைத் தூக்கிப் பிடித்தால் கடைசி இரண்டு சொட்டுகள் தனித்தனியாக விழாமல் சேர்ந்து ஒரு தகடு போல வழுக்கி விழும். அதுதான் பதம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஜெல்லியில் பழப் பங்கு நூற்றுக்கு 45, கரைந்த திடப்பொருள் 65, இவற்றுக்குக் குறையக் கூடாது. துடுப்புப் பதம் சரியாக வந்த பானையில் திடப்பொருளை அளக்கிற மானி வைத்துப் பார்த்தால் 65க்குக் கீழே காட்டுவதில்லை.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏரல்காரி அல்லவா. பித்தளை உருளி சீராகச் சூடேறும், அடி பிடிக்காது. ஆனால் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும். ஈயம் பூசாத உருளியில் களாவையோ நெல்லியையோ ஏற்றவே கூடாது. ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரியத் தொடங்கினால் பூசுகிறவர் வரும்வரை எவர்சில்வர்தான். இரும்புச் சட்டி நெல்லிக்கும் நாவலுக்கும் ஆகாது. அவற்றின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை போலக் கறுக்கும். நாவல் சாற்றில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மாம்பழச் சாறு கெடாமல் இருக்கப் போடுகிற பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை இதில் போட்டால் அந்தக் கருஞ்சிவப்பு வெளுத்துப்போகும். நிறமுள்ள பழங்களுக்குச் சோடியம் பென்சோயேட், அதுவும் விதி அனுமதிக்கிற அளவுக்குள்.

சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போடச் சொல்லி அடிக்கடி கேட்கிறார்கள். இலந்தை வடைக்கும் சூரை வத்தலுக்கும் கருப்பட்டி பொருந்திவரும். களா ஜெல்லிக்கு வராது. கருப்பட்டியின் நிறம் களாவின் சிவப்பை விழுங்கிவிடும், மணமும் அப்படியே. இரண்டு நல்ல பொருளைக் கலந்தால் மூன்றாவது நல்ல பொருள் கிடைக்கும் என்று அடுப்பு ஒருநாளும் வாக்குக் கொடுத்ததில்லை.

இலந்தை வடைக்கு அடுப்பே வேண்டாம். உரலும் வெயிலும் போதும். நன்றாகச் சிவந்து தோல் சுருங்கிய பழத்தைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிடுவோம். பெரும்பாலும் அதில் புழு இருக்கும். மீதியை ஒரு வெயிலில் காட்டிவிட்டு, மிளகாய் வத்தல், புளி, உப்பு, பெருங்காயம், கருப்பட்டி சேர்த்து இடிக்க வேண்டும். இடியின் சத்தம் மாறுவதைக் கேட்கலாம். முதலில் கல்லோடு கல் மோதும் சத்தம். சதை பிரிந்து கொட்டையைச் சுற்றிக் கொண்டதும் சத்தம் அடங்கிவிடும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் ஓடு நொறுங்கித் தின்கிறவர் பல்லைப் பதம் பார்க்கும். வாழை இலையில் தட்டி, தை மாத வெயிலில் இரண்டு மூன்று நாள். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பனி லேசுப்பட்டதில்லை.

ஆற்றின் மேல்முனையில்

நாங்கள் குடிக்கிற தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. நடுவே எங்கள் ஏரல். ஆற்றின் மேல்முனையில், பாபநாசத்துக்கு மேலே, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக்குள் அடங்கிய இடங்கள் அவை. எங்கள் நெல்லி அங்கிருந்து வருகிறது. குடியிருப்பை ஒட்டிய நிலத்தில், அவர்கள் குடும்பங்கள் பார்த்துவரும் மரங்களிலிருந்து.

அங்கே நான் பார்த்து அசந்த பழம் மூட்டிப்பழம். குற்றாலத்தின் பெயரையே தாவரவியல் பெயரில் தாங்கியிருக்கிற மரம் அது. கிளையில் காய்க்காமல் அடிமரத்தில், தரையை ஒட்டிக்கூட, செக்கச்செவேலென்று கொத்துக் கொத்தாகத் தொங்கும். உள்ளே இருக்கும் சுளையைத் தின்னலாம். தடித்த தோலை ஊறுகாய் போடலாம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு வளர்த்தால் பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. அதனால் பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டுவதே நிச்சயம். அத்தனை பழமும் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தும், நான் பழகிய குடும்பங்கள் ஒரு மரத்தை முழுதாக மொட்டையடித்து நான் பார்த்ததில்லை. ஒரு அக்காவிடம் காரணம் கேட்டேன். கரடி ராத்திரி வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனால் குடியிருப்புக்குள் வரும் என்றார். அதில் தத்துவம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டோடு வாழத் தெரிந்தவரின் சுளுவான கணக்கு.

நெல்லிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன மலையின் சோலிகர் பழங்குடியினர் தலைமுறைகளாக நெல்லி பறிப்பவர்கள். அங்கே நெல்லி மரங்களைப் புல்லுருவி பிடித்து வாட்டியது. பறிக்கப் போகும்போதே புல்லுருவி ஏறிய கிளையை வெட்டிவிடுவது அவர்கள் வழக்கம். 1990களில் அவர்களே நெல்லியை ஊறுகாயாகவும் ஜாமாகவும் பதப்படுத்தி விற்கும் முயற்சியும், அதோடு மரங்களின் நிலையைக் கணக்கெடுப்பதும் தொடங்கின. பிறகு வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி விற்பனைக்குப் பறிப்பதே தடுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருட்களின் மேல் காட்டில் வாழ்வோருக்கு உரிமை தந்தது. அதன்படி 2011இல் 25 சோலிகர் கிராமசபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. ஆள் காட்டுக்குள் போகாவிட்டால் மரம் பிழைக்கும் என்று நினைப்பவர்கள், புல்லுருவியை யார் வெட்டுவது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

காணிக்காரர்களின் பெயரை உலகம் அறிந்தது ஒரு பழத்தால்தான். 1987இல் பொதிகையின் கேரளப் பக்கச் சரிவில் விஞ்ஞானிகள் சிலர் மலையேறினார்கள். கூட வழிகாட்டியாகப் போன காணிக்காரர்கள் எதையோ மென்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். விசாரித்தபோது அது ஆரோக்கியப்பச்சைச் செடியின் பழம். அந்தச் செடியிலிருந்து பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 'ஜீவனி' என்ற மருந்து உருவாயிற்று. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தார்கள். 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று நிறுவனம் முடிவுசெய்தது. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலக மேடைகளில் இதைப் பேசினார்கள். ஆனால் எல்லாக் காணிக்காரர்களுக்கும் இதில் சம்மதம் இருக்கவில்லை. செடியைக் காட்டிலிருந்து கொண்டுவருவதில் வனத்துறையோடு சிக்கலும் வந்தது.

என்னைப் போன்ற சிறு தொழில்காரிக்கு இதில் ஒரு பாடம் உண்டு. காட்டித் தந்த அறிவுக்கு அங்கே ஒரு விலை போட்டார்கள், அதுவே பெரிய காரியம். எப்போது எடுப்பது, எவ்வளவு விடுவது, எந்தச் செடியை இந்த வருஷம் தொடவே கூடாது என்ற அறிவு வருஷா வருஷம் புதிதாக வேலை செய்கிற அறிவு. அதை ஒருமுறை விலைக்கு வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்க முடியாது.

பார்வைக் கூலி

அந்த அறிவுக்குக் கூலி கொடுக்கிற வழி எங்கள் கடற்கரையிலேயே இருந்தது. ஏரலுக்குப் பக்கத்தில்தான் கொற்கை. முத்துக்குளிப்புக்குப் பேர்பெற்ற இந்தக் கடலில் சிப்பி இருக்கிறது என்பதற்காக யாரும் நினைத்தபோது மூழ்கிவிட முடிந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அரசு ஆட்கள் முத்துக்குளிப்போரை அழைத்துக்கொண்டு பார்களை, அதாவது சிப்பி படிந்த கடலடித் திட்டுகளை, சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து வயதையும் முத்தையும் பார்த்து, முற்றியிருந்தால் மட்டும் சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிப்பார்கள். அறிவிக்காத வருஷங்களே அதிகம். 20ஆம் நூற்றாண்டில் சில முறைதான் நடந்தது; கடைசியாக 1955 முதல் 1961 வரை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பி வருவதும் அந்தத் தொழிலில் ஒரு வேலையாகவே மதிக்கப்பட்டது.

நாங்கள் அதை எங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். பருவம் தொடங்குமுன் பறிக்கிற பெண்கள் தேரியையும் வேலிகளையும் சுற்றி வருகிறார்கள். எந்தப் புதர் இந்த வாரத்துக்கு, எது அடுத்த வாரத்துக்கு, எது குருவிக்கு, எதற்குக் கவாத்து வேண்டும், எது நோயில் கிடக்கிறது என்று அவர்களே முடிவுசெய்கிறார்கள். அந்த நாளுக்கு முழுக் கூலி. ஒரு பழம்கூட வராவிட்டாலும் கூலி உண்டு. மலையிலும் இதே ஏற்பாடு. நெல்லி இந்த வருஷம் வேண்டாம் என்று குடும்பங்கள் சொன்னால் வேண்டாம்தான், பார்க்கப் போன நாளுக்கான காசு போய்ச் சேரும். பழத்துக்கு விலை கிலோவில் போட்டாலும், காம்போடு தரம் பிரித்துவந்த பெட்டிக்குத் தனி விலை. உலுக்கிய பழத்தை வாங்குவதில்லை.

இது தர்மம் என்று யாராவது பாராட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் இதில் லாபம் என் பக்கமும் இருக்கிறது. தரம் பிரிந்து வந்த பழத்தில் கழிவு குறைகிறது, பதம் தவறுவது குறைகிறது, விறகு மிச்சமாகிறது. பறிக்கிற வேகத்துக்குக் கூலி கொடுத்தபோது வேகம்தான் வந்தது. பார்வைக்குக் கூலி கொடுத்தபோது பழம் வந்தது. கஷ்டமும் இருக்கிறது. மொத்தமாகக் கேட்கிற பெரிய கடைக்கு இத்தனை பெட்டி, இந்தத் தேதி என்று என்னால் வாக்குக் கொடுக்க முடிவதில்லை. ஒரு வருஷம் களா ஜெல்லியே இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிவரும். சொல்லித்தான் ஆக வேண்டும். வருஷம் முழுக்கத் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிற காட்டுப்பழம் என்று யாராவது விற்றால், அதில் காடும் இருக்காது, பழமும் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

வருகிற ஐப்பசியில் தோட்டத்துக்கு வேலி வைக்கிற யோசனை இருந்தால் கம்பிக்காரரிடம் போகுமுன் எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். களாக் கன்று இருக்கிறது, காசு வேண்டாம். மூன்று நான்கு வருஷம் கழித்து முதல் காய்ப்பு வரும்போது, பறிக்க ஆள் விடுவதற்கு முன்னால், தேரிப் பக்கத்துப் பெண் ஒருவரை அழைத்துப் போய் வேலியைச் சுற்றிக் காட்டி, அந்த ஒரு நாளுக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். கன்றுக்கு அதுதான் விலை.